காப்புக்கு முன் எல்லை தாண்டாத அண்ணிக்கு

அண்ணி,

இன்று காலை கொட்டகையில் விளக்கெண்ணெய்க் கிண்ணம் கைமாறி என்னிடம் வந்தது. முந்திரிக்கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் தோலைச் சுட்டுவிடும். அதனால் உட்காரும் முன் எல்லோரும் கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொள்வோம். தினமும் செய்கிற காரியம்தான். ஆனால் இன்று உள்ளங்கையில் ஊற்றியதும் அந்த வாசனையோடு உங்கள் கால்கள் நினைவுக்கு வந்தன. எட்டாம் மாதத்தில் வீங்கிப்போய், விரலால் அமுக்கினால் குழி விழுந்து, அந்தக் குழி மெல்ல மெல்ல நிரம்பும் கால்கள். நான் எண்ணெய் தடவி நீவிவிடுவேன். நீங்கள் சுவரில் சாய்ந்துகொண்டு, "ரெண்டும் யானைக்கால் மாதிரி இருக்கு பாரு மலரு, தெருவுல போனா வாழப்பழம் குடுப்பாங்க" என்று சிரிப்பீர்கள்.

வைகாசி பிறந்துவிட்டது. வரும் செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலில் காப்பு கட்டுகிறார்கள். அதனாலும் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்தேன். ஒன்பதாவது படிக்க ஆண்டிமடத்துக்குப் பஸ்ஸில் போக வேண்டும். கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. அம்மாவுக்கு முதுகுவலி வந்ததும் அதையே சாக்காக வைத்து வீட்டில் இருந்துவிட்டேன். வீட்டுக்கு ஆள் வந்தால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்ளும் பெண் நான். நீங்களோ அரியலூர் டவுனிலிருந்து வந்தவர். வந்த மூன்றாம் நாளே எங்கள் தெருவில் உங்கள் குரல் தெரியாதவர்கள் இல்லை.

அந்தக் குரல் உங்கள் அப்பாவிடமிருந்து வந்தது என்பீர்கள். அவர் கோர்ட்டில் டவாலியாக இருந்தவர். வராந்தாவில் நின்று கட்சிக்காரர்களின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவது அவர் வேலை. தாயில்லாத பிள்ளையான நீங்கள் பள்ளிக்கூடம் விட்டதும் அந்த வராந்தாவில்தான் உட்கார்ந்திருப்பீர்களாம். "கலெக்டரா இருந்தாலும் கஞ்சிக்கு இல்லாதவனா இருந்தாலும் எங்கப்பா மூணு தடவதான் கூப்பிடுவாரு. பெரியவனுக்குக் கூட ஒண்ணு கெடையாது, இல்லாதவனுக்குக் கொறச்சலும் கெடையாது" என்று சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு பெருமை வரும். உங்கள் கல்யாணத்துக்கு நான்கு மாதம் முன்பு அவரும் போய்விட்டார். உங்கள் அண்ணன் திருப்பூர்ப் பக்கம் போனவர் போனவர்தான்.

எங்கள் அண்ணனைச் சாப்பிடக் கூப்பிடுவதுகூட அந்தக் கோர்ட் குரலில்தான். மூன்று தடவை கூப்பிடுவீர்கள். அவர் டிராக்டரை விட்டு இறங்கி வருவதற்குள், "ஆஜராகல. ஒருதலையா தீர்ப்பு சொல்லியாச்சு. அவரு பங்குக் கருவாடு மலருக்கு" என்று என் தட்டில் வைத்துவிடுவீர்கள். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கோர்ட்டுக்காரி வந்து சேந்தா பாரு நம்ம வூட்டுக்கு" என்பார்.

அந்த வீட்டில்தான் அடுத்த சித்திரையில் சிரிப்பு நின்றது.

எங்கள் ஊரில் காப்பு கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊருக்குள் பிரசவம் ஆகக் கூடாது. ஆகிவிட்டால் தீட்டு. அதனால் மாதம் ஏறிய பெண்கள் காப்புக்கு முன்பே எல்லையைத் தாண்டிவிட வேண்டும். தாய்வீடு உள்ளவர்கள் தாய்வீட்டுக்குப் போவார்கள். போக்கிடம் இல்லாதவர்களுக்கு ஊருக்கு வெளியே முந்திரிக்காட்டில் ஒரு கொட்டாய் உண்டு. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முந்தைய திருவிழாவில் கோமதி அக்காவுக்கு ஏழாம் மாதம். இன்னும் நாள் இருக்கிறது என்று அவர் ஊரிலேயே இருந்துவிட்டார். காப்பு கட்டிய மூன்றாம் நாள் குறைமாதத்தில் பிரசவமாகிவிட்டது. திருவிழா பாதியில் நின்றது. அந்த வருடம் ஆடு செத்தாலும் மோட்டார் எரிந்தாலும் கோமதி அக்காவின் பெயர்தான். எல்லோரும் தண்ணீர் பிடித்துக்கொண்டு போன பிறகுதான் அவர் தனியாகப் பைப்படிக்குப் போவார்.

அடுத்த காப்புக்கு எட்டாம் மாதம் நீங்கள்.

ஒரு நாள் தலைவர் வீட்டுக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். ஊராட்சித் தலைவர் அவருடைய மனைவி தனலட்சுமி அம்மாதான். ஆனால் ஊரே அவரைத்தான் தலைவர் என்று கூப்பிடும். கெட்ட மனிதர் இல்லை. தெருவுக்குப் பைப்பு கொண்டுவந்தவர்.

"மருமவள எங்க அனுப்பப் போற?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"எங்கங்க அனுப்புறது? அதுக்குத்தான் ஆத்தா அப்பன் யாரும் இல்லியே."

"காட்டுக் கொட்டாய் இருக்குல்ல. தொணைக்கு நீ போ. போன வருசம் மாதிரி ஆவப்படாது. இந்தத் தடவ வாய்ப்பேச்சு கெடையாது. மே ஒண்ணாந் தேதி கிராம சபையில தீர்மானமாவே போட்டுடுறோம். கவுருமெண்டு முத்திரையோட."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில். நீங்கள் நடுவீட்டிலிருந்து கேட்டீர்கள்.

"கால் வீங்கியிருக்கு, பஸ் வர்ற எடத்துலேயே இருன்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க மாமா. அந்தக் காட்டுலேருந்து ரோட்டுக்கு வரணும்னா கட்டுல்லதான் தூக்கணும்."

"மாரியாத்தா பாத்துப்பாம்மா. நாங்க என்ன ஒங்களுக்குக் கெடுதலா செய்யிறோம்? தீர்மானத்துல நல்லதும் நெறைய இருக்கு. ஊசி போட்டுக்கணும், கனம் தூக்கப்படாது, அஞ்சு மாசத்துக்கு மேல முந்திரிக் கொட்டகைக்கு வேலைக்குப் போவப்படாது. எல்லாம் புள்ளயோட நல்லதுக்குத்தான்."

அவர் போன பிறகு அம்மா உங்களிடம் கெஞ்சினார். ஊரைப் பகைத்துக்கொள்ள முடியாது, நானும் கூட வருகிறேன், கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்துவிடலாம் என்றார். நீங்கள் எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் காலையில் என்னிடம், "மலரு, தலய வாரிக்க. அரியலூரு போறோம்" என்றீர்கள்.

ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி அரியலூர் போனோம். உங்கள் அப்பா நின்று கூப்பிட்ட வராந்தாவை எனக்குக் காட்டினீர்கள். எனக்கு அது சாதாரண வராந்தாவாகத்தான் தெரிந்தது. நீங்கள் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தீர்கள். உங்கள் அப்பாவைத் தெரிந்த ஒரு பெண் வக்கீல் மரத்தடியில் நம்மை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். நீங்கள் முழுவதையும் சொன்னீர்கள்.

"ஊராட்சிக்குச் சட்டம் குடுத்திருக்கிற வேலை ரோடு, தண்ணி, தெருவிளக்கு" என்றார் அவர். "ஒரு பொண்ணு எந்த வீட்டுல படுக்கணும்னு சொல்ற அதிகாரம் அதுக்கு எங்கேருந்து வந்துச்சு? நாட்டுல எங்க வேணாலும் குடியிருக்கலாம்னு அரசியல் சட்டம் சொல்லுது. ஆம்பள பொம்பளன்னு பாகுபாடு பாக்கக் கூடாதுன்னு சொல்லுது. சட்டத்துல வழி இல்லாம உன் உயிர் மேலயோ உன் சுதந்திரத்து மேலயோ யாரும் கை வைக்க முடியாதுன்னு சொல்லுது."

"அப்ப ஜெயிச்சுடலாமாக்கா?"

"இரு, முழுசாக் கேளு. அதே புத்தகத்துல பொண்ணுங்களுக்கும் கொழந்தைங்களுக்கும் தனி ஏற்பாடு செய்யலாம்னும் இருக்கு. அவங்க அந்தக் கதவு வழியாத்தான் வருவாங்க. தாயோட நல்லதுக்கு, புள்ளயோட நல்லதுக்குன்னு சொல்லுவாங்க. அது குடுக்குறதுக்காக வெச்ச கதவு, அதப் போட்டு எங்களப் பூட்டாதீங்கன்னு நாம சொல்லணும். இன்னொண்ணு, சாமி கும்புடுற உரிமை அவங்களுக்கும் இருக்கு. ஒருத்தர் உரிமை எங்க முடியுது, அடுத்தவர் உரிமை எங்க ஆரம்பிக்குதுன்னு கோர்ட்டு ஒவ்வொரு தடவையும் யோசிச்சுத்தான் சொல்லும். நான் சத்தியம் பண்ண முடியாது."

"எத்தன நாள் ஆகும்?"

அவர் உங்கள் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போகணும். கேஸுக்கு நம்பர் விழறதுக்குள்ள உன் புள்ள தவழ ஆரம்பிச்சுடும்."

உங்களுக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு மட்டும் அழுகை வந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் நெடுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதி நம் மேலெல்லாம் படிந்திருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "சட்டம் நம்ம பக்கம்தான் இருக்கு மலரு. நேரம்தான் இல்ல. ஆனா அது அவங்களுக்குத் தெரியாதுல்ல?" என்றீர்கள்.

கிராம சபை பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. யூனியன் ஆபீஸிலிருந்து ஒரு சார் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி தலைவருடையது. அதில் தலைவர் வீட்டுக்காரர். ஆண்கள் முன்னால், நாங்கள் கொஞ்சம் பேர் பின்னால் மர நிழலில். கிளார்க் எழுந்து வாசித்தார். கர்ப்பிணிப் பெண்களின் நலன் கருதி என்று ஆரம்பித்தது தீர்மானம். ஊசி போட்டுக்கொள்ளாதவர்களுக்கும் ஐந்து மாதத்துக்கு மேல் கொட்டகை வேலைக்குப் போகிறவர்களுக்கும் பிரசவ உதவிக்கான மனுவில் தலைவர் கையெழுத்துப் போட மாட்டார். கனம் தூக்கக் கூடாது. தனியாகப் பஸ் ஏறக் கூடாது. கடைசியாக, காப்பு கட்டும் முன் மாதம் ஏறியவர்கள் எல்லைக்கு வெளியே தங்க வேண்டும். மீறும் குடும்பத்துக்கு ஊர்த் தண்ணீர் கிடையாது. முதலில் வாசித்த நல்ல காரியங்களுக்கு ஆட்டிய தலைகள் கடைசியில் வந்ததற்கும் ஆடிக்கொண்டே இருந்தன.

நீங்கள் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு எழுந்தீர்கள். அம்மா உங்கள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"மாமா, ஒரு சந்தேகம். ஊசி நல்லதுதான். நான் போட்டுட்டேன். போடாதவளக் கூட்டிட்டுப் போயி போட்டு வுடுங்க, புண்ணியமாப் போவும். கையெழுத்த நிறுத்துனா அவளுக்கு ஊசியும் இல்ல, ஒதவியும் இல்ல. அதுல எந்தப் புள்ளக்கு நல்லது?"

"போட்டுக்கிட்டா நாங்க ஏம்மா நிறுத்தப் போறோம்?"

"சரி. கனம் தூக்கப்படாது. அப்பத் தண்ணிக் கொடத்த யாரு தூக்குறது? புருசன்காரன் தூக்கணும்னு அதையும் ஒரு வரி சேத்து எழுதுங்க."

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. முன்னாலிருந்து ஒருவர், "அப்புடியே நாங்க சேலையும் கட்டிக்கிறோம்!" என்று கத்தினார்.

"கட்டிக்கங்கண்ணே. எட்டாம் மாசம் வரைக்கும் அவுக்காமக் கட்டியிருந்து காமிங்க, பாப்போம்."

யூனியன் ஆபீஸ் சார்கூடக் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்ததைக் கேட்டீர்கள். அப்போது உங்கள் குரல் மாறியிருந்தது. "கொட்டகைக்குப் போவலன்னா அவ அன்னாடம் என்னத்தத் திம்பா? குடிச்சுட்டு வந்து வயித்துல மிதிக்கிறவனுக்கு எத்தனாவது தீர்மானம் வெச்சிருக்கீங்க? இதுல எல்லா வரியும் வயித்துப்புள்ளக்காரிக்குத்தான் இருக்கு. அந்தப் புள்ளைக்கு அப்பனே இல்லியா?"

தலைவர் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "சட்டம் பேசாத. ஊரு கை தூக்குனா தீர்மானம்."

"ஊரு எழுதுற தீர்மானம் நாட்டுக்கு எழுதுன சட்டத்துக்குள்ளாறதான் மாமா நிக்கணும். ஊரே ரெண்டு கையையும் தூக்குனாலும் நான் எங்க குடியிருக்கணும்னு ஊரு சொல்ல முடியாது. அரியலூர் கோர்ட்டுக்குப் போயி கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

"எந்தப் பிரிவுல இருக்கு?" என்று யூனியன் ஆபீஸ் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்பர் மறந்துபோச்சு சார். ஒங்களுக்குத் தெரியாமயா இருக்கும், பாத்து எழுதிக்கங்க."

அவர் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் அவரைப் பார்த்தார். இருவரும் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

"சரி, இதுல யாரு கையெழுத்துப் போடுவாங்க?" என்று கேட்டீர்கள்.

"தலைவர்தான்."

"தலைவர் எங்க?"

"அது வூட்டுல வேலையா இருக்கு. கையெழுத்து அப்பறம் வாங்கிக்கலாம்" என்றார் தலைவர் வீட்டுக்காரர்.

நீங்கள் திரும்பி நின்றீர்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிரேதான் அவர்கள் வீடு. வயிற்றின் அடியில் இரு கைகளையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, உங்கள் அப்பாவின் குரலில் கூப்பிட்டீர்கள். "ஊராட்சித் தலைவர் தனலட்சுமி அம்மாள்!" முதல் தடவைக்கு எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது தடவைக்குச் சிலர் சிரித்தார்கள். மூன்றாவது தடவை நீங்கள் கூப்பிட்டபோது எங்கோ ஒரு கோழி கத்தியதைத் தவிர வேறு சத்தம் இல்லை.

தனலட்சுமி அம்மா வந்தார். முழங்கை வரை இட்லி மாவு. தன்னை யாராவது இப்படி முழுப் பெயரும் பதவியும் சொல்லிக் கூப்பிட்டு அவர் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். என்னமோ ஏதோ என்று பயந்துபோய் வந்திருந்தார்.

"இந்தத் தீர்மானத்த ஒங்கள ஒரு வார்த்த கேட்டுத்தான் எழுதுனாங்களா அம்மா?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

"எந்தத் தீர்மானம்?"

கிளார்க் மறுபடி வாசித்தார். கடைசி வரி வந்தபோது தனலட்சுமி அம்மா கையில் காய ஆரம்பித்திருந்த மாவை உரித்து உரித்து எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார்.

"எம் ரெண்டாவது அந்தக் கொட்டாயிலதான் பொறந்துச்சு. இங்க அடிக்கிற மேளம் எனக்கு அங்க கேட்டுச்சு. நான் கத்துனது இங்க ஒருத்தருக்கும் கேக்கல."

"இப்ப எதுக்கு அந்தக் கதை?" என்றார் அவர் வீட்டுக்காரர். ஆனால் குரலில் பலம் இல்லை.

"போறியான்னு எவன் கேட்டான்? கெளம்புன்னாங்க, கெளம்புனேன். இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்." சொல்லிவிட்டு, மாவு புளித்துவிடும் என்று திரும்பிப் போய்விட்டார்.

அப்போது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வள்ளி எழுந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். "எனக்கு ஆத்தான்னா பயம்ங்க. நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிட்டுத்தான் வருவேன். ஆனா நானாப் போறேன். அத ஒண்ணும் எழுத வேணாம்." உங்களுக்கு வருத்தமாக இருக்குமோ என்று நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் அவள் முதுகில் தட்டிக்கொடுத்து, "போயிட்டு வா வள்ளி. எங்களுக்கும் சேத்து வேண்டிக்க" என்றீர்கள். உங்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான் அண்ணி. எல்லோரும் உங்களைப் போல இருந்துவிட வேண்டும் என்று நீங்கள் வாதாடவே இல்லை.

தீர்மானம் எழுதப்படவில்லை. நீங்கள் வீட்டிலேயே இருந்தீர்கள். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் கூடி, நம் தெருவுக்கு அந்த வருடம் தேர் வராது என்று சொல்லிவிட்டார்கள். தேர் அன்று அம்மா வாசலில் கோலம் போட்டு, தேங்காய் பழம் வைத்த தட்டோடு நின்றார். மேளச் சத்தம் அடுத்த தெரு வழியாகப் போயே போய்விட்டது. அம்மா தட்டை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதார். "கல்யாணமாயி வந்த நாள்லேருந்து ஒரு வருசம் தவறாம எம் வாசல்ல நின்ன சாமி. ஒன்னாலதான் வராமப் போச்சு."

அன்று நீங்கள் வாதாடுவீர்கள் என்று நினைத்தேன். வீங்கிய கால்களோடு மெதுவாக அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள். "ஆமா அத்தை, என்னாலதான்" என்றீர்கள். அண்ணன் கோபமாக, "தேர எப்புடி நிறுத்தலாம்? அதையும் போயிக் கேளு" என்றபோது, "தேர எந்தத் தெருவுல இழுக்குறதுங்கிறது அவங்க பாடு. நான் எங்க இருக்கிறதுங்கிறது எம் பாடு. ரெண்டையும் நானே வெச்சுக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டீர்கள். அம்மாவின் கையை நீங்கள் விடவே இல்லை. அம்மாவும் இழுத்துக்கொள்ளவில்லை.

திருவிழா முடிந்து பல நாள் கழித்துத்தான் உங்களுக்கு வலி எடுத்தது. ஒன்பதாம் மாதக் கடைசியில், ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியில், நல்லபடியாகப் பெண் குழந்தை. பிரஷர் ஏறியிருந்தது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆபத்து என்று டாக்டரம்மா சொன்னதை அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நீங்கள், "அதச் சொல்லாதீங்க. ஒண்ணுமே ஆகலன்னாலும் என்னப் போவச் சொன்னது தப்புதான்" என்றீர்கள். அப்போது எனக்கு அது புரியவில்லை.

அந்த வருடமே இன்னொன்றும் நடந்தது. மேலத்தெருவில் ஒரு பெண், கொட்டகையில் ஏழாம் மாதம் வரை மூட்டை சுமந்து, குழந்தை இறந்தே பிறந்தது. தலைவர் வீட்டுக்காரர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "தீர்மானம் போட்டிருந்தா அந்தப் புள்ள பொழச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னீர்கள்: "அவரு சொல்றது பொய்யின்னு என்னால சொல்ல முடியல மலரு. ஆனா அவ ஆசைக்கா தூக்குனா? கூலிய நிறுத்தியிருந்தா ஒளிஞ்சு வேற எங்கயாவது தூக்கியிருப்பா."

மறுநாள் கைக்குழந்தையோடு கொட்டகை மேஸ்திரியிடம் போய் நின்றீர்கள். மாதமாக இருக்கிறவர்கள் கேட்டால், உடைக்கிற இடத்தை விட்டு நிழலில் உட்கார்ந்து பருப்புத் தோல் உரிக்கிற வேலை கொடுக்க வேண்டும், கூலி குறைக்கக் கூடாது என்று கேட்டீர்கள். அவர் முதலில் விரட்டினார். நீங்கள் ஒரு வாரம் போனீர்கள். கடைசியில், "இந்தக் கோர்ட்டுக்காரி தொல்ல தாங்கல" என்று ஒத்துக்கொண்டார். கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளத்தான் செய்தார். இன்றும் கொட்டகையின் வேப்பமரத்துப் பக்கம் இரண்டு மூன்று பேர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து தோல் உரிக்கிறார்கள். வேண்டாம், உடைக்கிற இடத்திலேயே இருக்கிறேன் என்கிறவர்களும் உண்டு. வக்கீலம்மா சொன்ன கொடுக்கிற கதவு இதுதான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அடுத்த வருடம் தேர் நம் தெருவுக்கு வந்தது. அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் திருநீறு வாங்கினார். அந்த மழைக்காலத்தில் உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தோம், பெரம்பலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். பத்து நாள்கூட இல்லை. கடைசியில் நீங்கள் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் கேட்டீர்கள். குழந்தை சாப்பிட்டதா என்று கேட்டீர்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பாப்பாவுக்கு இப்போது இரண்டு வயது. உங்கள் குரல் அப்படியே வந்திருக்கிறது. பால்காரர் மணி அடிப்பதற்குள் இவள் கத்துகிற கத்தலில் தெருவே சொம்போடு வெளியே வந்துவிடுகிறது.

எனக்கு உங்கள் குரல் வரவில்லை அண்ணி. இந்த மே தினத்துக் கிராம சபையிலும் நான் பின்னால் தூணோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன். தனலட்சுமி அம்மா இப்போது அவர் நாற்காலியில் அவரே உட்காருகிறார். அந்தத் தீர்மானத்தை யாரும் மறுபடி கொண்டுவரவில்லை. ஆனால் ஊர் வாய் ஓயவில்லை. "இந்த வருசம் யாரு மாசமா இருக்கா?" என்று காப்புக்கு முன்பு பைப்படியில் கேட்கிற கேள்வி இன்றும் இருக்கிறது.

மாசமாக இருப்பது கோமதி அக்கா. எட்டாம் மாதம்.

நேற்று சாயங்காலம் அவர் நம் வீட்டுக்கு வந்தார். அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும். அக்கா கதவோரம் உட்கார்ந்து, சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். "ஒங்கண்ணி இருந்தா அவகிட்ட கேப்பேன். இல்லியே. நீ சொல்லு மலரு. நான் ஊருலேயே இருக்கட்டுமா, போயிடட்டுமா?"

இருங்கள் என்று சொல்ல என் வாய் துடித்தது. இருங்கள் அக்கா, எல்லோர் முன்னாலும் பைப்படியில் போய்த் தண்ணீர் பிடியுங்கள், தேர் வந்தால் வரட்டும் போனால் போகட்டும் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. நீங்கள் ஜெயித்தது அப்போதுதான் முழுசாகும் என்று எனக்குள் ஒரு ஆசை. அந்த ஆசை எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. அதுவும் நல்லதுக்குச் சொல்கிறதுதானே. வாசலுக்கு வந்த தலைவர் வீட்டுக்காரரும் அப்படித்தானே சொன்னார்.

"ஒங்களுக்கு எப்புடி இருக்கணும்னு தோணுதுக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் இருக்கும். அந்தக் கேள்வியை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல முழித்தார். "எனக்கா?" என்றார். பிறகு, "தெரியலியே புள்ள. யோசிக்கணும்" என்றார்.

"யோசிங்க."

யோசித்தார். விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. வேறு யாராவது என்றால் நடுவில் நாலு புத்திமதி சொல்லியிருப்பார்கள். எனக்குத்தான் பேசத் தெரியாதே. பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நான் பேசாமல் இருப்பது ஒருவருக்கு உதவியாக இருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வெகுநேரம் கழித்து அக்கா தன் முடிவைச் சொல்லிவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனார். அது என்ன என்று உங்களுக்குக்கூட நான் எழுதப் போவதில்லை அண்ணி. அது அவர் சொல்ல வேண்டியது.

மலர்